முதல் கிளைம்பிங் ஷூ: எவ்வளவு இறுக்கம் போதும்?

பாறையிலும் ஜிம்மின் செயற்கைச் சுவரிலும் ஏறும் கிளைம்பிங்கைப் பழக வந்தவர்கள் சில வாரம் தாண்டியதும் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "எந்த பிராண்ட் வாங்கலாம்?" முதலில் காலைக் காட்டுங்கள் என்பேன். சிரிப்பார்கள். ஆனால் வேறு வழியில்லை. இடுப்பில் கட்டும் ஹார்னெஸ், ஏறுபவரின் கயிற்றைக் கீழே நிற்பவர் பிடிக்க உதவும் பிலே கருவி, கயிற்றை மாட்டும் காராபினர் கொக்கி எல்லாவற்றையும் அனுபவம் உள்ள ஒருவர் சொல்வதைக் கேட்டு வாங்கிவிடலாம். பாதுகாப்புச் சான்று இருக்கிறதா, நம் உடம்புக்குச் சரியாக மாட்டுகிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. ஷூ அப்படியல்ல. எனக்குக் கச்சிதமாக இருக்கும் ஷூ உங்கள் காலை அரை மணி நேரத்தில் ஒரு வழி பண்ணிவிடும்.

நான் வாங்கிய விதத்தையும், பிறகு புதிதாக வந்த பலரோடு கடையில் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்துகொண்டதையும் கலந்தே சொல்கிறேன்.

முதலில், வாடகை ஷூவை உடனே தூக்கிப் போட வேண்டாம். ஜிம்மில் கொடுக்கும் அந்த ஷூவைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். யார் யார் காலோ நுழைந்து தளர்ந்துபோயிருக்கும், குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டு ஆட்டலாம், ரப்பர் தடிமனாக, கெட்டியாக இருக்கும், வாசனையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இருந்தும் நான் கொஞ்ச காலம் அதிலேயே ஏறினேன். அதில் ஒரு லாபம் உண்டு. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சைஸ் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்கலாம். எந்த அளவில் விரல் முன்னால் முட்டுகிறது, எந்த அளவில் கால் உள்ளே வழுக்குகிறது என்பதெல்லாம் சொந்தமாக ஒரு ஜோடி வாங்காமலேயே தெரிந்துவிடும். இன்னொன்று, ஆரம்பத்தில் எல்லோருமே காலைச் சுவரில் தேய்த்துத் தேய்த்துத்தான் ஏறுவோம். அந்தத் தேய்மானம் வாடகை ஷூவோடு போகட்டும்.

சொந்தமாக வாங்கும் நேரம் வந்துவிட்டதைக் காலே சொல்லும். சுவரில் கையோ காலோ வைக்கும் பிடியை ஹோல்ட் என்போம். சின்ன ஹோல்ட் ஒன்றில் பெருவிரலை வைத்து எழும்பப் பார்ப்பீர்கள். ஷூ ஹோல்டிலேயே அசையாமல் நிற்கும், உள்ளே பாதம் மட்டும் திரும்பிக்கொள்ளும். காலை எங்கே வைக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிகிறது, வைக்கவும் முடிகிறது, ஆனால் உடம்பின் பாரம் அங்கே இறங்க மாட்டேன் என்கிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால் கடைக்குக் கிளம்பலாம். அதற்கு முன்னால் வாங்கினால் தப்பொன்றும் இல்லை, ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்குவீர்கள்.

கிளம்பும் முன் காலை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். ஈரக்காலைத் தரையில் பதித்தால் அகலமும் உள்வளைவும் தெரியும். விரல்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று பாருங்கள்: சிலருக்குப் பெருவிரல்தான் நீளம், அங்கிருந்து சுண்டுவிரல் வரை சரிந்துகொண்டே போகும், சிலருக்கு இரண்டாவது விரல் முந்திக்கொண்டு நிற்கும், சிலருக்கு முதல் மூன்று விரல்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். கிளைம்பிங் ஷூவின் முனை பெரும்பாலும் பெருவிரல் பக்கமாகவே கூராக இருக்கும். அதனால் பெருவிரல் நீண்டவர்களுக்குத் தேர்வு சுலபம். எனக்கு இரண்டாவது விரல்தான் நீளம், போதாததற்கு முன்பாதம் அகலம், குதிகால் ஒல்லி. முனை கூராக உள்ள ஷூவில் எல்லாம் அந்த இரண்டாவது விரலின் கணு மேலே தூக்கிக்கொண்டு நின்று, மேல்தோலில் இடிக்கும். இதைத் தெரிந்துகொண்டு போனதால் அடுக்கில் இருந்ததில் பாதியைத் தொடாமலேயே ஒதுக்க முடிந்தது.

ஆண்களுக்கானது, பெண்களுக்கானது என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் அதன் பொருள் பாதத்தின் பருமன்தான். பெண்களுக்கானது என்று விற்பதில் உள்ளிடம் குறைவு, குதிகால் ஒடுக்கம். ஒல்லிக்கால் உள்ள ஆண் அதைப் போடலாம். அகலக்கால் உள்ள பெண் மற்றதைப் போடலாம். கடையில் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பொருந்தாததை வாங்கிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். சில கம்பெனிகள் இப்போது இந்தப் பிரிவையே விட்டுவிட்டு, உள்ளிடம் குறைந்தது, உள்ளிடம் கூடியது என்று மட்டும் போடுகின்றன. அதுதான் நியாயம்.

கடைக்கு மாலையில் போனேன். நாள் முழுக்க நடந்தபின் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஏறும்போதும் அப்படித்தான் வீங்கும். முந்தின நாளே நகத்தை ஒட்ட வெட்டியிருந்தேன். இது அழகுக்காக இல்லை. நகம் கால் மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் முன்னால் முட்டி, சரியான ஷூவையும் தப்பான ஷூவாகக் காட்டிவிடும். சாக்ஸ் போடவில்லை. வாடகை ஷூவுக்குச் சுத்தம் கருதி மெல்லிய சாக்ஸ் போடுவது சரி, குளிரில் நீளமான ரூட் (ஏறும் பாதை) ஏறுகிறவர்கள் போட்டுக்கொள்வதும் உண்டு, ஆனால் சாக்ஸுக்கும் ஷூவுக்கும் நடுவே ஒரு வழுக்கல் இருக்கத்தான் செய்யும்.

கடையில் விற்பவர் அவரே கிளைம்பிங் செய்கிறவர். ஐந்தாறு பெட்டிகளைக் கீழே அடுக்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். ஒன்றைப் போட்டதும் நான் முகத்தைச் சுளித்தேன்.

"வலிக்குதா, நெருக்கமா இருக்கா?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லீங்க. நெருக்கம்னா பாதம் முழுக்க ஒரே மாதிரி பிடிக்கும். வலின்னா ஒரு இடத்துல குத்தும். எங்கன்னு விரலை வச்சுக் காட்டுங்க பார்ப்போம்."

நான் சுண்டுவிரல் மூட்டுக்கு மேலே விரலை வைத்தேன். "அப்ப இது உங்களுக்கு இல்ல" என்று அந்த ஜோடியை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டார். ஒரு சைஸ் பெரியது தரட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த இடத்தில் குத்துகிறது என்றால் பிரச்சினை நீளத்தில் இல்லை, ஷூவை வார்த்த கால் அச்சின் வடிவத்தில். சைஸைக் கூட்டினால் குத்தல் குறையும், ஆனால் குதிகாலில் இடம் திறந்துகொள்ளும்.

ஷூ வாங்குவதைப் பற்றி நான் கேட்ட அறிவுரைகளில் இன்றுவரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான். விரலை வைத்து ஓர் இடத்தைக் காட்ட முடிகிறதா? அப்படியானால் வேண்டாம். பாதம் முழுவதும் பிடித்திருக்கிறது, எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்றால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பிறகு ஒவ்வொரு ஜோடியையும் ஒரே விதமாகச் சோதித்தோம். விரல்கள் முன்சுவரைத் தொட வேண்டும். நேராகப் படுத்திருக்கலாம், அல்லது கணுக்கள் லேசாக மேலெழுந்திருக்கலாம். ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. குதிகாலை விரலால் அழுத்தினால் 'புஸ்' என்று காற்று வெளியேறும் சத்தம் வந்தால் அங்கே வெற்றிடம் இருக்கிறது. அந்த ஷூவில் குதிகாலை ஒரு ஹோல்டில் கொக்கி போட்டு இழுத்தால் ஷூ கழன்றுகொண்டு வரும். முன்காலில் நின்று எழும்பும்போது, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரில் விளிம்பு கடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. உள்வளைவின் அடியில் சின்ன இடைவெளி இருந்தால் குற்றமில்லை. நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கொள்கிற மாதிரி பாதத்தின் பக்கவாட்டில் ஷூ ஒட்டியிருக்க வேண்டும்.

அந்தக் கடையில் சுவரோரமாகச் சில ஹோல்டுகளைப் பொருத்திய ஒரு பலகை இருந்தது. அது இல்லாத கடையில் படிக்கட்டின் விளிம்போ, கதவின் நிலைப்படியோ போதும். பெருவிரலின் உள்பக்கத்தை மட்டும் வைத்து, ஒற்றைக்காலில் மெதுவாக எழும்பி நிற்க வேண்டும். நல்ல ஷூவில் பெருவிரலுக்கு அடியில் ஒரு தரை கிடைத்த மாதிரி இருக்கும். பொருந்தாததில் சோல் வளைந்து, குதிகால் கீழே இறங்கும், அல்லது பாதம் உள்ளே உருளும். அப்படி நின்று பார்த்ததில், உட்கார்ந்திருந்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்த ஒன்று உடனே கழிந்துபோனது. கடைசியாக மிஞ்சிய இரண்டை, வலதில் ஒன்று இடதில் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கால் மணி நேரத்துக்கு மேல் அங்கேயே உலாத்தினேன். முதல் இரண்டு நிமிடத்தில் எல்லா ஷூவும் அசௌகரியம்தான். அதற்குப் பிறகு எதில் அது அடங்குகிறது, எதில் கூடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். "சாதாரண சைஸிலிருந்து இரண்டு சைஸ் குறைச்சு வாங்கு." இந்த வாக்கியத்தைச் சொல்லாத கிளைம்பிங் சுவர் உலகத்தில் கிடையாது. எந்த அளவுமுறையில் இரண்டு சைஸ்? ஐரோப்பிய முறையில் ஒரு சைஸ் என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 6.7 மில்லிமீட்டர். பிரிட்டிஷ், அமெரிக்க முறைகளில் ஒரு சைஸ் என்பது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். இரண்டு சைஸ் என்று வாய்க்கு வந்தபடி சொன்னால் கிட்டத்தட்ட நாலு மில்லிமீட்டர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய்விடும். ஐரோப்பிய முறையில் அது அரை சைஸுக்கு மேல். இதோடு ஒவ்வொரு கம்பெனியும் தன் அச்சுக்குத் தனக்குத் தோன்றிய எண்ணைப் போடுகிறது. நடக்கிற சைஸையே அப்படியே வாங்கலாம் என்கிற கம்பெனிகள் இருக்கின்றன. நன்றாகக் குறைத்தே வாங்க வேண்டிய மாடல்களும் இருக்கின்றன. பெட்டியில் இருக்கும் எண், அந்தக் கம்பெனியின் அந்த மாடலில் மட்டும் செல்லும். என் வீட்டில் இப்போது இருக்கும் ஜோடிகளில் எந்த இரண்டும் ஒரே எண்ணில் இல்லை.

இறுக்கம் என்ற இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ரப்பர் அடிப்பாகம் வைத்து ஏறுவதற்கென்றே ஷூ செய்யும் முயற்சி 1930களிலேயே தொடங்கிவிட்டது; பிரான்ஸில் ஃபோன்டென்ப்ளோ பாறைகளில் ஏறிய பியேர் அலென் அதில் முன்னோடி. ஆனால் நெடுங்காலம் அந்த ரப்பர் கெட்டியாகத்தான் இருந்தது. கெட்டி ரப்பர் பாறையோடு ஒட்டாது, விளிம்பில்தான் நிற்கும். விளிம்பில் நிற்க விரல்களை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் போரியல் கம்பெனி 'ஃபிரே' என்ற ஷூவில் ஒட்டும் தன்மையுள்ள ரப்பரைக் கொண்டுவந்தது. அது அமெரிக்காவின் யோசெமிட்டி பாறைகள் வரை போய், பாறையில் என்ன சாத்தியம் என்பதையே மாற்றியது. 1985இல் அமெரிக்காவில் சார்லஸ் கோல் தொடங்கிய ஃபைவ் டென்னின் ஸ்டெல்த் ரப்பர் அடுத்து வந்தது. இப்போது சோல் ரப்பர் செய்யும் விப்ரம் உட்பட எல்லோரிடமும் ஒட்டும் ரப்பர் இருக்கிறது. குதிகாலைச் சுற்றி இழுத்துக் கட்டிய ரப்பர் பட்டை, பாதத்தை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் காலத்து வலிக்கு இன்று அதே தேவை இல்லை. ஆனால் அறிவுரை மட்டும் தலைமுறை தாண்டி நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது.

"போட்டிகளில் ஏறுகிறவர்கள் அப்படித்தானே போடுகிறார்கள்?" என்பார்கள். கவனித்துப் பாருங்கள்: சுவரைத் தொடும் முன்தான் மாட்டுவார்கள், முடித்துக் கீழே இறங்கியதும் முதல் வேலையாகக் கழற்றுவார்கள். அவர்களுக்கு அது சில நிமிட வேலை. புதிதாகப் பழகுகிறவர் அப்படி இல்லை. ஒரே ரூட்டில் தொங்கிக்கொண்டு யோசிப்போம், கீழே நின்று அடுத்தவருக்குப் பிலே பிடிப்போம், மறுபடி ஏறுவோம். ஷூ நெடுநேரம் காலில் இருக்கும். வலிக்கிற ஷூவில் காலை ஹோல்டில் அழுத்த மனசே வராது. கால் தயங்கினால் பாரம் கைக்குப் போகும், கை சீக்கிரம் ஓய்ந்துவிடும், பழக வேண்டிய கால்வைப்பு பழகாமலே போகும். காலை நம்பப் பழகுவதுதான் முதல் வருடப் பாடம். அந்தப் பாடத்துக்கு இடைஞ்சலான ஷூவை வாங்கி எதற்கு?

உடம்புக்கும் நல்லதில்லை. நகத்தடியில் ரத்தம் கட்டிக் கறுப்பது, கணுக்களின் மேல் தோல் காய்த்துப்போவது, பெருவிரல் மூட்டு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு வருவது, குதிகாலுக்குப் பின்னால் முண்டு மாதிரி வீங்குவது எல்லாம் பல வருடம் மிக இறுக்கமாகப் போட்டவர்களிடம் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். வளரும் எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடியிருக்காது. விரல் நேராகப் படுக்கும் அளவில், தட்டையான ஷூவே பிள்ளைகளுக்குப் போதும். வளர்ந்ததும் அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம். "கொஞ்ச நாள் தாங்கட்டும்" என்று மிகப் பெரிதாக வாங்கினாலும் சரி வராது, உள்ளே கால் திரும்பும்.

வடிவம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலமாரியில் கொக்கி போல முனை கீழே வளைந்து, வாழைப்பழ வடிவில் அழகாக நிற்பவை இருக்குமே, கை அங்கேதான் போகும். சுவர் நம் பக்கம் சாய்ந்திருக்கும் ஓவர்ஹேங்கில் ஹோல்டைக் காலால் பற்றி இழுக்க அந்த வளைவு உதவும். ஆரம்பத்தில் நாம் ஏறுவது பெரும்பாலும் நேர்ச்சுவரிலும், அந்தப் பக்கம் சாய்ந்த ஸ்லாபிலும். ஸ்லாபில் ஹோல்டே இல்லாத இடத்தில் முன்பாதத்தை அப்படியே பாறையில் பதித்து, ரப்பரின் உராய்வை நம்பி நிற்க வேண்டும். எவ்வளவு ரப்பர் பாறையைத் தொடுகிறதோ அவ்வளவு பிடிப்பு. வளைந்த ஷூவை அங்கே பதிப்பது கஷ்டம். தட்டையானதை வாங்குங்கள். லேசான வளைவு என்றால்கூடப் பரவாயில்லை. லா ஸ்போர்ட்டிவாவின் டரான்டுலா, ஸ்கார்பாவின் ஒரிஜின், ஈவால்வின் டிஃபை, பிளாக் டைமண்டின் மொமென்டம் எல்லாம் புதியவர்களை மனதில் வைத்துச் செய்த தட்டை ரகங்கள். இதில் எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள், எது உங்கள் காலில் உட்காருகிறது என்பதுதான் கேள்வி.

சோல் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். மெத்தென்று வளையும் ஷூவில் பாறையின் நெளிவு காலுக்குத் தெரியும், அது ஒரு சுகம். ஆனால் பாதத்தின் சின்னத் தசைகள் பழகாத காலத்தில் சிறு விளிம்பில் நிற்க விறைப்பு உதவும். எடை கூடுதலானவர்களுக்குக் கொஞ்சம் விறைப்பும், எடை குறைந்தவர்களுக்கு, முக்கியமாகச் சிறுவர்களுக்கு, மெத்தென்றதும் பொருந்துவதைப் பார்க்கிறேன். ஐம்பது கிலோ ஆள் மிக விறைப்பானதைப் போட்டால் சோல் வளையவே வளையாது, மரக்கட்டையைக் கட்டிக்கொண்ட கதைதான்.

மேல்பாகம் எதனால் ஆனது என்று கட்டாயம் கேளுங்கள். சைஸை முடிவு செய்வதே அதுதான். உள்துணி வைக்காத தோல் நன்றாக இளகும், சிலதில் ஒரு முழு சைஸ் அளவுக்குக்கூட. உள்துணி வைத்துத் தைத்த தோல் கொஞ்சம் இளகும். செயற்கைத் துணி, பின்னல் துணி எல்லாம் நீளத்தில் அதிகம் கொடுக்காது. கடையில் எப்படி இருந்ததோ அநேகமாக அப்படியே இருக்கும். ஆகவே செயற்கைப் பொருளில் வாங்கினால் அன்றைக்கே சௌகரியமாக இருக்க வேண்டும். தோலில் வாங்கினால் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் நெருக்கம் இருக்கலாம், ஆனால் நான் முன்பு சொன்ன குத்தல் மட்டும் கூடவே கூடாது. இளகுவது பெரும்பாலும் அகலத்தில். முனையில் ரப்பர் சுற்றியிருக்கும் இடம் இளகாது. விரல் நுனியில் முட்டுவது சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

நான் கடைசியில் எடுத்தது உள்துணி இல்லாத தோல், தட்டை, லேஸ் கட்டுவது. முதல் சில தடவை அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நடுவே லேஸைத் தளர்த்திக் குதிகாலை மட்டும் வெளியே எடுத்துவிடுவேன். வீட்டில் புத்தகம் படிக்கும்போது கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டு உட்கார்வேன். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டிக்கொண்டு நுழைத்தால் சிரமமில்லாமல் ஏறிவிடும், அதுவும் ஒரு வழி. தோலின் சாயம் வேர்வையில் கரைந்து பாதமெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. செருப்பு போட்டு வெளியே போனால் பார்ப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மெல்ல மெல்லத் தோல் என் முன்பாதத்தின் அகலத்துக்கு வழிவிட்டது. இரண்டாவது விரலின் கணு இருக்கும் இடத்தில் மேல்தோலில் ஒரு சின்ன மேடு விழுந்தது. இன்றைக்கும் அதைத் தடவினால் தெரியும். பிறகு அந்த ஷூவைக் கழற்றாமலே ஒரு நீளமான ரூட்டை முடிக்க முடிந்தது.

லேஸா, வெல்க்ரோவா என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கயிறில்லாமல் தாழ்வான பாறையிலோ சுவரிலோ ஏறும் போல்டரிங் செய்கிறவர்கள் நிமிடத்துக்கு ஒரு தரம் கழற்றி மாட்டுவார்கள், வெல்க்ரோ வசதி. என்னைப் போல ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கம் ஒல்லி என்றால் லேஸில் முன்னால் தளர்த்தி மேலே இறுக்கலாம். எதுவும் இல்லாமல் இழுத்து மாட்டும் ஸ்லிப்பர் ரகம் இளகிவிட்டால் பிடிக்க வழியில்லை. முதல் ஜோடிக்கு நான் சொல்ல மாட்டேன்.

இணையத்தில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரே மாடலில் அடுத்தடுத்த அரை சைஸ்களில் இரண்டை வரவழைத்து, பொருந்தாததைத் திருப்பி அனுப்ப முடிகிற இடத்தில் வாங்குங்கள். விரிப்பின் மேல் மட்டும் போட்டுப் பாருங்கள். ரப்பரில் கீறல் விழுந்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். பழைய ஷூ வாங்குவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. தோல் ஏற்கெனவே வேறொருவர் காலின் வடிவத்துக்குப் போயிருக்கும், வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்த ரப்பர் இறுகியிருக்கும். அதிகம் போடாத செயற்கைத் துணி ரகம் என்றால் யோசிக்கலாம்.

ரப்பரின் பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். விலை கூடிய ஷூக்களில் மென்மையான, நன்றாக ஒட்டும் ரப்பர் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் மெல்லியதாக இருக்கும். புதியவர்களுக்கான ரகங்களில் நாலு முதல் ஐந்து மில்லிமீட்டர், சற்றே கெட்டியான ரப்பர். அது நமக்கு நல்லது, ஏனென்றால் தேய்க்கப் போகிறோம். என் ஜோடியில் வலது பெருவிரலின் நுனிதான் முதலில் மழுங்கியது. காரணம் ஷூ இல்லை, காலைச் சுவரில் எங்கேயோ அடித்து, அங்கிருந்து ஹோல்டுக்கு வழுக்கிக் கொண்டுபோகும் பழக்கம். ஹோல்டைக் கண்ணால் பார்த்து, சத்தமே வராமல் காலை வைத்துப் பழகச் சொன்னார்கள். கால் ஹோல்டில் உட்காரும்வரை பார்வையை எடுக்கக்கூடாது, வைத்தபின் நகர்த்தக்கூடாது. எளிதான ரூட்டுகளில் அதையே செய்துகொண்டிருந்தேன். தேய்மானம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தது, ஏற்றமும் தேறியது.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. ஷூவோடு தரையில் நடமாடாதீர்கள், கழிவறைக்குப் போகவே போகாதீர்கள், அடுத்தவர் அந்த ஹோல்டில்தான் கை வைக்கப் போகிறார். ரப்பரில் தூசி படிந்தால் ஒட்டாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஏறினால் வித்தியாசம் உடனே தெரியும். ஏறி முடித்ததும் பைக்குள் திணிக்காமல், வெளியே தொங்கவிட்டுக் காற்றாட விடுங்கள், வாசனைக்கு அதுதான் மருந்து. வெயிலில் நிறுத்திய காருக்குள் விடவே கூடாது. சூட்டில் பசை இளகி, சோல் விளிம்பிலிருந்து பிரியத் தொடங்கும். துவைக்கும் இயந்திரத்தில் தோல் ஷூவைப் போடுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

தேய்ந்தால் தூக்கிப்போட வேண்டாம். அடி ரப்பரின் முன்பாதியை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டித் தருகிறார்கள். அதை ரீசோல் என்பார்கள். நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஷூவை முனை தெரியும்படி கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடி ரப்பரும், விரலைச் சுற்றி மேலே ஏறும் பட்டை ரப்பரும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். அடி ரப்பரின் கூர் விளிம்பு உருண்டு, அந்தக் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் மிச்சம் என்னும்போதே கொடுத்துவிட வேண்டும். கோட்டைத் தாண்டிப் பட்டையும் தேய்ந்துவிட்டால் அதற்குத் தனியாக ஒட்டுப்போட வேண்டும், செலவும் கூடும், ஷூவின் பிடியும் பழையபடி இருக்காது. ஓட்டை விழுந்து விரல் தெரியும்வரை போடுவதை ஒரு வீரமாக நினைக்கிறவர்கள் உண்டு. ஒட்டித் தருகிறவர்கள் அவர்களைப் பார்த்தாலே பெருமூச்சு விடுவார்கள்.

ரீசோலுக்குப் போன ஷூ திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். இரண்டாவது ஜோடி வாங்கத் தோதான சமயம் அதுதான், ஏனென்றால் அதற்குள் உங்களுக்கு எந்த மாதிரி ஏற்றம் பிடிக்கிறது என்பது தெரிந்திருக்கும். ஓவர்ஹேங்கில் தொங்குவது பிடித்தால் வளைந்த ஷூ. பாறை விரிசலுக்குள் காலைத் திருகி ஏறுவது பிடித்தால் விரல்கள் நேராகப் படுக்கிற தட்டை ஷூ. நான் லேசாக வளைந்த, வெல்க்ரோ போட்ட ஒன்றை எடுத்தேன், பெரும்பாலும் போல்டரிங்குக்கு. பழையது புது ரப்பரோடு திரும்பி வந்ததும், நெடுநேரம் காலில் கிடக்க வேண்டிய ரூட் எதுவானாலும் அதைத்தான் எடுத்துப் போகிறேன்.